ஜோபர்க்கில் வேலை வாங்கித் தருகிறேன் என்று தமிழில் பேசுபவர்: கவனம்

டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், கல்யாணமாகி ஊரிலிருந்து இங்கே வந்த என்னைப் போன்ற பெண்களுக்கும் இதை எழுதுகிறேன். நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்தாலும் போதும். தென்னாப்பிரிக்காவில் வேலை தேடுகிறவரிடம், வேலை வாங்கித் தருவதற்காக ஏஜென்ட் கட்டணம் வாங்கக் கூடாது. 2014-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அமைச்சர் அரசிதழில் தனியாக அனுமதித்திருந்தால் மட்டும் விலக்கு. வேலை கொடுக்கும் கம்பெனிதான் ஏஜென்டுக்குப் பணம் தர வேண்டும்.

இது எனக்குத் தெரியாது. ஆறு வருடம் சம்பளக் கணக்கு எழுதியவளுக்கு இது தெரியாமல் போனதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

டர்பனில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்த்தேன். கிரே ஸ்ட்ரீட் பக்கம். தெருவுக்கு டாக்டர் யூசுப் டாடூ தெரு என்று பேர் மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இன்னும் கிரே ஸ்ட்ரீட் என்றால்தான் எல்லோருக்கும் புரிகிறது. மாதம் 11,500 ரேண்ட். முதலாளி தங்கமானவர், சம்பளம் மட்டும்தான் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் டீசல் மெக்கானிக். போன வருடம் அவருக்கு ஜோபர்க்கில், அதாவது ஜோஹன்னஸ்பர்க்கில், நல்ல வேலை கிடைத்து, அங்கே லெனேசியாவில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தார். மாதம் ஒரு முறை வருவார். 570 கிலோமீட்டர், என்-3 நெடுஞ்சாலை. குளிர்காலத்தில் வான் ரீனன் கணவாயில் பனிமூட்டம் என்று ரேடியோவில் சொன்னாலே எனக்குத் தூக்கம் வராது. நானும் அங்கேயே போய்விடலாம் என்று முடிவு செய்து வேலை தேட ஆரம்பித்தேன்.

எங்கள் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்காகத் தொடங்கிய ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கூழ் முடிந்த பிறகும் குழு கலையவில்லை. அதில் ஒரு அக்கா, “ஜோபர்க்கில் வேலை, தமிழ் பேசுபவர்களுக்கு முன்னுரிமை” என்ற செய்தியைப் போட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவருக்கு வந்ததை நல்ல மனதோடு தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

அந்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சுத்தமான தமிழில், “சொல்லுங்கக்கா, எந்த ஊரு நம்மளுக்கு?” என்று கேட்டார். மயிலாடுதுறை என்றேன். “அட, மாயவரமா! நான் கும்பகோணம்க்கா” என்றார்.

என் புத்தி அங்கேயே போய்விட்டது. இது தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் புரியாது. என் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அவருக்குத் தேவாரம் பாடத் தெரியும், “சாப்பிட்டியா” கேட்கத் தெரியும், அதற்கு மேல் ஆங்கிலம்தான். கடையிலும் ஆங்கிலம், கொஞ்சம் ஜூலு. என் தமிழ் எல்லாம் அம்மாவோடு போனில் பேசும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அப்படி இருக்கும்போது ஒருவர் மயிலாடுதுறையை மாயவரம் என்று சொன்னால், அவர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. என்னைவிட வயதில் பெரியவர் குரல். ஆனாலும் வார்த்தைக்கு வார்த்தை அக்கா, அக்கா.

மிட்ராண்டில் ஒரு பெரிய கிடங்குக் கம்பெனி, சம்பளக் கணக்குப் பிரிவு, மாதம் 19,000 ரேண்ட் என்றார். கம்பெனி நிஜமான கம்பெனி. அதனால்தான் பேரை இங்கே எழுதவில்லை, அவர்களும் ஏமாந்தவர்கள்தான். ஒரு அம்மா, மனிதவளப் பிரிவிலிருந்து பேசுகிறேன் என்று இருபது நிமிடம் ஆங்கிலத்தில் போனில் நேர்காணல் நடத்தினார். வருமான வரிப் பிடித்தம், விடுப்புக் கணக்கு என்று சரியான கேள்விகளாகவே கேட்டார். மூன்றாம் நாள் நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. கம்பெனி முத்திரை, பதிவு எண், கையெழுத்து, எல்லாம் இருந்தது.

அப்புறம்தான் பணம். முதலில் பதிவுக் கட்டணம் 950. அடுத்து போலீஸ் சான்றிதழ் சீக்கிரம் வாங்க 1,400. மருத்துவப் பரிசோதனைக்கு 1,250. கடைசியாக, பயிற்சி லேப்டாப்புக்கு முன்பணம் 2,800, “முதல் சம்பளத்தோட திரும்பி வந்துடும்க்கா”. மொத்தம் 6,400 ரேண்ட். வங்கிக் கணக்கு எண்ணே தரவில்லை. போன் நம்பருக்குப் பணம் அனுப்பி, எதிராளி கார்டு இல்லாமல் ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அதில்தான் அனுப்பச் சொன்னார். எடுத்த பணத்தை வங்கியால் திருப்ப முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் தொகையை வீட்டுக்காரரிடம் சொன்னேன். “வேலைக்குப் போகிறவள் எதற்குப் பணம் கொடுக்கிறாய்?” என்று கேட்டார். அதனால் மற்ற மூன்றையும் அவரிடம் சொல்லவில்லை. ஒரே வாக்கியத்தில் அவர் கேட்டுவிட்டார் பாருங்கள், ஏழாம் வகுப்போடு நிறுத்தியவர்.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய நஷ்டம் 6,400 இல்லை. நியமனக் கடிதம் வந்த அன்றே நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததுதான்.

ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் நான்கு வார முன்னறிவிப்பு தர வேண்டும். கொடுத்தேன். முறைப்படி எல்லாம் செய்தேன். கடைசி நாளில் வேலையின்மைக் காப்பீட்டுக்கான யூ.ஐ.-19 படிவத்தை எனக்கு நானே நிரப்பினேன், கடையில் அது என் வேலைதானே. விலகிய காரணம் என்ற இடத்தில் “ராஜினாமா” என்று என் கையாலேயே எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன். புதுப் பெண்ணுக்கு இரண்டு வாரம் வேலை சொல்லிக் கொடுத்தேன். கேக் வெட்டி அனுப்பினார்கள்.

இரவு பஸ்ஸில் ஜோபர்க் பார்க் ஸ்டேஷன் போய் இறங்கினேன். ஜூலை மாதக் குளிர், டர்பன் ஸ்வெட்டர் அங்கே துணியே இல்லை. வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை, விடியும் முன்பே லெனேசியாவில் ஷேர் வேன் டாக்ஸிக்கு, டவுனுக்கு என்ற அடையாளமாக ஒரு விரலை மேலே காட்டி நின்று, டவுன் போய், அங்கிருந்து காவ்ட்ரெயின் ரயிலில் மிட்ராண்ட். கம்பெனி வாசலை அடைந்தபோது மணி ஏழேகால்.

காவலாளி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சிசி (சகோதரி), கொஞ்சம் உட்காருங்கள்” என்று தன் நாற்காலியையே கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் உள்ளே இருந்து ஆள் வரும் வரை புரியாதது போல உட்கார்ந்திருந்தேன். மனிதவளப் பிரிவுப் பெண் ஒரு கோப்பை டீயோடு வந்தார். அந்த மாதம் அப்படி வந்தவர்களில் நான் நான்காவது ஆளாம். என் கடிதத்தையும் அவர்களுடைய நிஜமான கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பதிவு எண் அவர்களுடையதுதான், அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மின்னஞ்சல் முகவரியில் மட்டும் கம்பெனிப் பேருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடும் “கேரியர்ஸ்” என்ற சொல்லும் கூடுதலாக இருந்தது. அதை நான் பார்க்காமல் இல்லை. பெரிய கம்பெனி, வேலைக்கென்று தனி முகவரி வைத்திருப்பார்கள் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மிட்ராண்ட் ஸ்டேஷனில் நின்று அந்தக் கும்பகோணத்துக்காரருக்குப் போன் செய்தேன். எடுத்தார்! “அய்யோ அக்கா, ஒரு சின்னக் குழப்பம், கிளையை மாத்திட்டாங்க, ஒரு 1,500 மட்டும் அனுப்புங்க, நாளைக்கே சேர்த்து விட்டுடறேன்” என்றார். எல்லாம் தெரிந்த பிறகும், ஐந்து நிமிடம், கையில் போனை வைத்துக்கொண்டு, அனுப்பலாமா என்று யோசித்தேன். ஏமாந்தவர்களைப் பார்த்து “எப்படித்தான் ஏமாந்தாயோ” என்று கேட்பவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் தெரியாது. அனுப்பவில்லை. சாயங்காலம் அந்த நம்பர் அணைந்துவிட்டது.

பழைய முதலாளிக்குப் பேசினேன். எழுதிக் கொடுத்த ராஜினாமாவை முதலாளி சம்மதித்தால்தான் திரும்பப் பெற முடியும், அது சட்டம். அவர் வருத்தப்பட்டார், ஆனால் என் நாற்காலியில் நான் பழக்கிய பெண் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்து வேலையின்மைக் காப்பீடு. மாதா மாதம் சம்பளத்தில் ஒரு சதவீதம் நம்மிடம், ஒரு சதவீதம் முதலாளியிடம் பிடித்து அங்கே கட்டுகிறோம். வேலையை விட்டு நிறுத்தினால், ஒப்பந்தம் முடிந்தால், அதிலிருந்து உதவித்தொகை வரும். தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. முதலாளியின் கொடுமை தாங்காமல் விலகியதாக, தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ. ஏற்றுக்கொண்டால் கதை வேறு. என் முதலாளி கேக் வெட்டி அனுப்பியவர். இதையெல்லாம் எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனபோது கவுன்டரில் இருந்த பெண் என் யூ.ஐ.-19-ஐ எடுத்து அந்த ஒரு வார்த்தையின் மேல் பேனாவை வைத்தார். கையெழுத்து என்னுடையது, நல்ல அழகான கையெழுத்து.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இதைவிட மோசம். எனக்குக் கல்யாணத்தின் வழியாக நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருக்கிறது. பொது வேலை விசா ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. போலிக் கடிதத்தை நம்பி விலகினால் வேலையோடு விசாவும் ஆட்டம் காணும்.

அதன் பிறகு செய்ததை வேகமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். போலீஸ் நிலையத்தில் சத்தியப் பிரமாண வாக்குமூலம் கொடுத்து வழக்கு எண் வாங்கினேன். பணம் வரவில்லை, ஆனால் வங்கியில் பேச அந்த எண் வேண்டும். அடையாள அட்டை நகல், வருமான வரி எண், மூன்று மாத வங்கி விவரம் எல்லாம் அந்த ஆளிடம் போயிருந்ததால், என் பேரில் கடன் வாங்கிவிடுவாரோ என்ற பயம் வேறு. அதற்குத் தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் பாதுகாப்புப் பதிவு செய்யலாம், இலவசம். வங்கிகளும் கடை அட்டை கொடுப்பவர்களும் நம் பேரைப் பார்க்கும்போது கூடுதலாகச் சரிபார்ப்பார்கள். பணம் போனவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், நான் பத்து நாள் கழித்துச் செய்தேன்.

ஏஜென்ட் என்று யாராவது சொன்னால், தொழிலாளர் துறையில் பதிவு செய்த சான்றிதழைக் கேளுங்கள், தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் எல்லாம் பதிவு செய்தே ஆக வேண்டும். கம்பெனியின் நம்பரைக் கடிதத்திலிருந்து எடுக்காதீர்கள், நீங்களே வேறு இடத்தில் தேடி எடுத்து, வரவேற்பு மேசைக்குப் பேசி, இந்த வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு போன். அதைச் செய்யாமல்தான் நான் 570 கிலோமீட்டர் போனேன். அந்தப் போன் முடிகிற வரை ராஜினாமாக் கடிதத்தில் தேதி போடாதீர்கள். அரசாங்கமே இ.எஸ்.எஸ்.ஏ. என்று வேலை தேடுபவர்களுக்கு ஒரு இலவசப் பதிவேடு வைத்திருக்கிறது. அதில் பதிந்ததால் எனக்கு இன்னும் வேலை வரவில்லை, ஆனால் யாரும் பணமும் கேட்கவில்லை.

இப்போது லெனேசியாவில் ஒரு இரும்புக் கடையில் வாரம் மூன்று நாள் கணக்கு எழுதுகிறேன். வேலை கிடைத்தது கடை வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து. வீட்டுக்காரர் ஒரு முறைகூட “நான்தான் சொன்னேனே” என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாரமாக இருக்கிறது.

போன வாரம் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பெண், குழுவில் என் நம்பரைப் பார்த்துப் பேசினாள். கேப் டவுனில் வேலை, அதே பதிவுக் கட்டணம் 950. இன்னும் பணம் கட்டவில்லை, நல்ல வேளை. “ரொம்ப நல்ல மாதிரி பேசினார்க்கா, நம்ம ஊர்க்காரர்” என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். அவள் திருநெல்வேலி. அவரும் திருநெல்வேலியாம், பாளையங்கோட்டைப் பக்கம்.