கிரேட் லேக்ஸ் 900 டிவிஷன்: சேரலாமா?

அமெரிக்கக் கடற்படையின் ஒரே பூட் கேம்ப், அதாவது புதிதாகச் சேர்பவர்களுக்கான பயிற்சி முகாம், இல்லினாய் மாநிலத்து கிரேட் லேக்ஸில் இருக்கிறது. பேண்ட், பாடற்குழு, அணிவகுப்பு காட்டும் டிரில் டீம், மாநிலக் கொடிகளை ஏந்தும் குழு ஆகிய நிகழ்ச்சிக் குழுக்களெல்லாம் அங்கே 900 வரிசை எண் கொண்ட டிவிஷன்களில் (ஒன்றாகப் பயிற்சி பெறும் பிரிவுகளில்) அடக்கம். வாசிக்கவோ பாடவோ தெரிந்தால் முதல் சில நாட்களிலேயே சொல்லிவிட வேண்டும். தெரியாதவர்களுக்குக் கொடிக் குழு நல்ல வழி.

இதில் சேர்ந்தால் வேலை குறையும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். நீச்சல், தீயணைப்பு, இரவு முழுக்க நடக்கும் பேட்டில் ஸ்டேஷன்ஸ் தேர்வு எல்லாம் மற்றவர்களுக்குள்ளதுதான். ஒத்திகை அதற்கு மேல். தங்கள் பயிற்சி நிறைவு விழாவுக்கு முன்பே மற்ற டிவிஷன்களின் விழாக்களிலும் நிகழ்ச்சி தர வேண்டும்.

அணிவகுப்பு நடை நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு காலடிக்கு 30 அங்குலம். அதாவது ஒரு காலடிக்கு அரை விநாடி. பெரிய மண்டபத்தில் டிரம் ஒலி 34 மீட்டர் தாண்டவே பத்தில் ஒரு விநாடி ஆகும். காதை நம்பி நடக்கும் பின்வரிசை பிந்துவது இதனால்தான். முன்னால் நிற்பவரின் குதிகாலைப் பார்த்து நடந்தால் சரியாகும்.

விழாவில் நெடுநேரம் நிற்கும்போது மயங்கி விழுவதுதான் பெரிய தொல்லை. முழங்காலை விறைப்பாகப் பூட்டி அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறையும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். தண்ணீரை முந்தின நாளிலிருந்தே குடியுங்கள்.

இசை தெரிந்தவர்கள் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டிய இடம். ஓய்வு நேரம் முக்கியம் என்பவர்களுக்குச் சாதாரண டிவிஷனே சரி.