மாமாவின் 40 லட்சம்: தபால் ஆபீஸா, பென்ஷன் பாலிசியா?

கோவையில் மில் வேலையிலிருந்து 60 வயதில் ஓய்வு பெற்ற மாமாவுக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 40 லட்சம் வந்தது. அடுத்த வாரமே தெரிந்த ஏஜென்ட் ஒருவர் "ஆயுசு முழுக்க பென்ஷன்" என்று பாலிசிப் படிவத்தோடு வந்துவிட்டார். நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

தபால் ஆபீஸில் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலிலிருந்து தரும் 8.2 சதவீத வட்டிக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. முதலை வாரிசுக்குத் திருப்பித் தரும் பென்ஷன் பாலிசியில் 6.5 சதவீதம் என்று வைத்தாலும் அதே 30 லட்சத்துக்கு மாதம் 16,250தான். வித்தியாசம் 4,250. மாமா வீட்டுப் பாலுக்கும் கேஸுக்கும் அது போதும்.

ஏஜென்ட் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. தபால் ஆபீஸ் வட்டி ஐந்து வருடத்துக்குத்தான் உறுதி. 2020 ஏப்ரலில் இந்தத் திட்டத்தின் வட்டி 8.6லிருந்து ஒரே அடியாக 7.4க்கு இறங்கியது. முந்தின மாதம் போட்டவர்களுக்குப் பழைய வட்டி ஓடியது, அடுத்த மாதம் போனவர்கள் கையைப் பிசைந்தார்கள். மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம், ஆனால் அன்றைக்கு இருக்கும் வட்டிதான் கிடைக்கும். பாலிசியில் அந்தப் பயம் இல்லை. முதல் நாள் சொன்ன தொகை கடைசி வரை வரும்.

அங்கேதான் சிக்கலும். கடைசி வரை அதே தொகை என்றால் அரிசி விலை ஏறும்போதும் அதேதான். நடுவில் ஆபரேஷன் செலவு வந்தால் பல பாலிசிகளில் முதலைத் தொடவே முடியாது. தபால் ஆபீஸில் இரண்டு வருடம் கழித்து மூடினால் ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். முதல் வருடத்துக்குள் மூடினால் மட்டும் வாங்கிய வட்டியைக் கழித்துக்கொள்வார்கள்.

வரி? இரண்டிலும் உண்டு. பழைய வரி முறையில் இருப்பவருக்கு தபால் ஆபீஸ் வட்டியில் 50,000 ரூபாய் வரை கழிவு கிடைக்கும், பாலிசிப் பென்ஷனுக்கு அது இல்லை.

மூத்த குடிமக்கள் திட்டத்தில் அத்தைக்குப் பிடிக்காத ஒன்று, வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். "மளிகைக்கடைக்காரர் மூணு மாசம் பொறுப்பாரா?" என்று கேட்டார். சரி, அதற்குத்தான் தபால் ஆபீஸிலேயே மாத வருமானத் திட்டம். தனி ஆளுக்கு 9 லட்சம் வரை, 7.4 சதவீதம், மாதம் 5,550.

என் கட்சி தபால் ஆபீஸ்தான். பிள்ளை இல்லாத, பணத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத ஒருவர் கேட்டிருந்தால் ஒரு பகுதிக்குப் பாலிசி சொல்லியிருப்பேன். அதுவும் 70ஐ ஒட்டி. வாங்கும்போது வயது கூடுதலாக இருந்தால் அதில் கிடைக்கும் பென்ஷனும் கூடும்.

மாமா 30 லட்சத்தை ஒன்றிலும் 9 லட்சத்தை இன்னொன்றிலும் போட்டுவிட்டு, மீதி ஒரு லட்சத்தை சேவிங்ஸ் கணக்கிலேயே விட்டார். ஏஜென்டிடம் "அஞ்சு வருஷம் கழிச்சு வாப்பா" என்றார்.