டெக்சாஸில் இரண்டு வழிகள்: கரிப்புகையைப் பிடிப்பதா, காற்றைப் பிடிப்பதா?

'சுத்தமான நிலக்கரி'க்குப் பெட்ரா நோவா என்ற கரிப்புகை பிடிக்கும் ஆலையைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள். ஹூஸ்டன் அருகே, சுமார் 100 கோடி டாலர் செலவில் 2017-இல் ஓடத் தொடங்கியது. அனல்மின் நிலையப் புகையின் ஒரு பகுதியிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, குழாய் வழியே எண்ணெய் வயலுக்கு அனுப்புவார்கள். அதை உள்ளே செலுத்திக் கூடுதல் கச்சா எண்ணெய் எடுப்பார்கள். (சுத்தம் என்ற பெயரில் இது வேடிக்கையான கணக்கு!) பிரிக்கும் இயந்திரங்களுக்கே தனி எரிவாயு மின்நிலையம் வேண்டியிருந்தது. 2020-இல் எண்ணெய் விலை சரிந்ததும் நிறுத்தினார்கள். 2023-இல்தான் மீண்டும் ஓடியது.

காற்றாலைக்கு எரிபொருள் செலவில்லை. ஆனால் மேற்கு டெக்சாஸின் மின்சாரத்தை நகரங்களுக்குக் கொண்டுவர சுமார் 700 கோடி டாலரில் மின்தடங்கள் போட்டார்கள். அது கட்டணத்தில்தான் ஏறியது. காற்று ஓய்ந்தால் மாற்று ஏற்பாடும் தேவை. இருந்தும் நான் காற்றாலைப் பக்கமே. அமெரிக்காவில் காற்று மின்சாரத்தில் இன்று டெக்சாஸ்தான் முதலிடம்.