போதை கிளினிக் கவுன்சிலர்மாருக்கு எந்த சூப்பர்விஷன்? திருகோணமலை நிலைமைக்கு ஒரு ஒப்பீடு

வீட்டில இருந்து வந்து போற ஆக்களுக்கு கவுன்சிலிங் குடுக்கிற டீமை எப்பிடி சூப்பர்வைஸ் பண்ணுறது நல்லம் எண்டு பாத்தா, நடைமுறையில நாலு வழி இருக்கு. நாலும் ஒரே தரம் இல்லை.

கூடுதலா நடக்கிறது பைலை வச்சுக் கதைக்கிறது. கவுன்சிலர் நடந்ததைச் சொல்லுவார், சீனியர் கேட்டிட்டு அட்வைஸ் சொல்லுவார், அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும். செலவில்லை, ஆனா சீனியருக்குக் கிடைக்கிறது கவுன்சிலரின்ட ஞாபகம் மட்டும்தான். "ஆள் ஒத்துழைக்கிறார் இல்லை" எண்டு பைலில இருக்கும், உள்ளுக்குப் போய் இருந்து பாத்தா கவுன்சிலர் பொலிஸ் விசாரணை மாதிரி எப்ப குடிச்சீங்க, ஆரோட குடிச்சீங்க, ஏன் திரும்பவும் குடிச்சீங்க எண்டு அடுக்கிக்கொண்டே போவார், அந்த மனுசன் குனிஞ்ச தலை நிமிராம ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருத்தரும் பொய் சொல்லேல்லை, தான் கதைக்கிற விதம் தனக்கே விளங்குறது கஷ்டம். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் எண்ட, மாறோணும் எண்ட எண்ணத்தை ஆளிட்ட இருந்தே வரவைக்கிற கவுன்சிலிங் முறையை உருவாக்கின வில்லியம் மில்லரின்ட குழு 2004இல வெளியிட்ட ஆய்விலயும், வொர்க்‌ஷொப் மட்டும் எடுத்தவைக்கு கிடைச்ச திறமை சில மாசத்தில தேஞ்சு போச்சு, பிறகும் பீட்பேக்கோ கோச்சிங்கோ கிடைச்சவைக்குத்தான் நிண்டுது.

அதால நேரடியாப் பாக்கிறதுதான் என்ட முதல் தெரிவு. அமெரிக்க அரசின்ட போதை, மனநல சேவை நிறுவனமான சாம்சா 2009இல வெளியிட்ட கைநூலும் அதைத்தான் வலியுறுத்துது. ரெக்கோர்ட் பண்ணுறதா, கூட இருக்கிறதா எண்டதுதான் இங்க கேள்வி. ஐஸ், தூள் மாதிரி போதைப்பொருள் பாவிக்கிற ஆள் ஏற்கனவே பொலிசுக்குப் பயந்துதான் வாறார், மேசையில போனை வச்சா வாய் பூட்டிடும். கூட இருக்கிறது பரவாயில்லை, முதல் பத்து நிமிசம் கூச்சம், பிறகு மறந்திடுவினம். முதலே அனுமதி கேக்கோணும், வேண்டாம் எண்டா வேண்டாம்தான், அதுக்காக சிகிச்சையில ஒரு குறையும் வரக்கூடாது. சீனியர் இடையில பூந்து செஷனைக் கையில எடுக்கவும் கூடாது.

குழுவா இருந்து கேஸ் கதைக்கிறது பெரிய நகரத்துக்குச் சரி. இங்க "கிண்ணியாவில இருந்து வாற, படகு வச்சிருக்கிற, மகள் கம்பஸில படிக்கிற ஒருத்தர்" எண்டு சொன்னாலே போதும், பேர் தேவையில்லை, மேசையில இருக்கிற ஆரோ ஒராளுக்கு அவர் மச்சானா இருப்பார். அதால குழுவை ரோல் பிளேக்கும், கிளையன்ட் திரும்பப் பாவிக்கத் தொடங்கேக்க கவுன்சிலருக்கு வாற சோர்வைக் கதைக்கிறதுக்கும் வச்சுக்கொள்ளலாம். அதுக்கு அது அருமையான இடம்.

சூம்ல யாழ்ப்பாணத்திலயோ மட்டக்களப்பிலயோ இருக்கிற தமிழ் கதைக்கிற சீனியரைப் பிடிச்சா சொந்தபந்தப் பிரச்சினை இல்லை. ஆனா கனகாலமா தினமும் கடுமையாக் குடிச்சவர் ஒரேயடியா நிப்பாட்டினா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் நாளில இருந்து நாலாம் நாள் வரைக்கும் கடுமையான மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. வார்டில இருந்தா நேர்ஸ் பாத்துக்கொள்ளுவா, இவர் பின்னேரம் மூதூர் பஸ் ஏறி வீட்ட போயிடுவார். "கவுன்சிலிங் முடிஞ்சுது, நாளையில இருந்து விடுறாராம்" எண்டு இளம் கவுன்சிலர் சந்தோசமாச் சொல்லேக்க, அண்டைக்கே டொக்டரிட்ட அனுப்பு தங்கச்சி எண்டு சொல்ல பக்கத்தில ஆள் வேணும், அடுத்த கிழமை சூம் வரைக்கும் காத்திருக்க ஏலாது.

எந்த வழியா இருந்தாலும் லீவுக்கும் சம்பளத்துக்கும் கையெழுத்து வைக்கிறவரே சூப்பர்வைசரா இருந்தா கவுன்சிலர் கஷ்டமான கேஸை மறைப்பார். ரெண்டையும் பிரிச்சு வைக்கப் பாருங்கோ.

ஒண்டுக்குத்தான் வசதி எண்டா, மாசத்துக்கு ஒருக்காவாவது ஒவ்வொரு கவுன்சிலரோடயும் ஒரு செஷன் கூட இருங்கோ. அண்டைக்கே கதைங்கோ, முதல்ல அவர் என்ன நினைக்கிறார் எண்டு கேளுங்கோ, பிறகு திருத்துறதுக்கு ஒரேயொரு விசயம் மட்டும் சொல்லுங்கோ.