எங்கள் கிளை நூலகத்தின் கோடைப் பரிந்துரை மேசை

ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்திலேயே, எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாளிதழ்கள் கிடக்கும் நீள மேசையின் ஒரு பாதியை ஒதுக்கி, கோடை விடுமுறையில் வாசிப்பதற்கென்று நூலகரும் அவருடைய உதவியாளரும் தேர்ந்தெடுத்த ஏறத்தாழ நாற்பது புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒன்றரை மாதமாக என் மகளும் நானும் என் அப்பாவும் அந்த மேசையிலிருந்துதான் புத்தகம் எடுத்து வந்தோம். ஏழாம் வகுப்பு முடித்த பெண், வேலைக்குப் போய்வரும் நான், பார்வை மங்கிவிட்ட எண்பது வயதுக்காரர் என மூவருக்கும் அங்கே உரிய புத்தகம் கிடைத்தது.

புத்தகங்களைவிட முதலில் என்னைக் கவர்ந்தவை அவற்றுக்குள் செருகியிருந்த சீட்டுகள். பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் வெற்றுப் பக்கத்தில் நீல மையால் இரண்டு மூன்று வரிகள் எழுதியிருந்தார்கள். பின்னட்டையில் பதிப்பகத்தார் அச்சிடும் புகழுரையின் சாயல் அவற்றில் இல்லை. புத்தகத்தை முழுவதும் வாசித்த ஒருவர், அடுத்து வாசிக்கப்போகிறவருக்குச் சொல்லும் தகவல்களாக இருந்தன. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் இருந்த சீட்டு இது: “தொடக்கத்திலேயே ஒரு கொலை வருகிறது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும். கரிசல் பேச்சு பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.” கர்ப்பிணி ஒருத்தி நகைக்காகக் கொல்லப்படும் அந்தப் பகுதியை நான் தனியே வாசித்துவிட்டு, தெலுங்கு தேசத்திலிருந்து கிளம்பி வந்த குடும்பங்கள் காட்டை அழித்து ஊராக்கிய கதையை, அதைச் சொல்லும் மங்கத்தாயாரு அம்மாளின் பகுதிகளிலிருந்து மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தச் சீட்டு இல்லாதிருந்தால், முதல் நாளே பிள்ளையைப் பயமுறுத்திப் புத்தகத்தை மூடியிருப்பேன்.

மேசையில் வகுப்பு வாரியாகப் பிரித்து எதுவும் வைக்கப்படவில்லை. என் மகள் தயங்கி நின்றபோது, எந்த வகுப்பு என்று நூலகர் கேட்கவில்லை. “கடைசியா எந்தப் புத்தகத்தை முழுசா படிச்சே, பாப்பா?” என்று கேட்டார். அவள் யோசித்து, முழுவதும் படித்தது எதுவும் இல்லை என்று மெல்லிய குரலில் சொன்னாள். பாதியில் விட்டவற்றைப் பற்றியும் எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது என்பதைப் பற்றியும் அவர் பொறுமையாகக் கேட்டு அறிந்த பிறகுதான் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் ஜப்பானில் வெளிவந்த நூல் அது. முதல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட ஒரு பள்ளியில் சேர்கிறாள். சேரும் நாளில் அவள் பேசுவதைத் தலைமையாசிரியர் நான்கு மணி நேரம் கேட்கிறார். மகள் அந்த இடத்தை வாசித்துவிட்டு, “நாலு மணி நேரமாம்மா?” என்று சமையலறைக்கு ஓடி வந்தாள். அத்தியாயங்கள் சிறியவை என்பதால் ஐந்தே நாளில் முடித்தாள். அவள் முதன்முதலாக முழுவதும் வாசித்த புத்தகம் இதுதான். வகுப்பைக் கேட்டிருந்தால் இந்தப் புத்தகம் அவள் கைக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்பாவுக்கு அவர்கள் பரிந்துரைத்தது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. அதன் பருமனைப் பார்த்து நான் தயங்கினேன். “வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு மாலை நேரத்துக்குப் போதும். அவசரப்படுகிறவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேரும் இடத்திலிருந்து தொடங்கலாம்” என்றிருந்தது சீட்டு. மிகச் சரியான யோசனை. 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, ஐயர் 1942இல் மறையும்வரை எழுதி, முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. மின்தடை நேரத்தில் திண்ணையில் அமர்ந்து நான் வாசிக்க, அப்பா கேட்டார். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப் நீதிபதியாக வந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொன்னதற்கெல்லாம் அசையாமல், பழைய நூல்களில் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று விசாரிக்கும் அத்தியாயத்தை மட்டும் அப்பா மூன்று முறை வாசிக்கச் சொன்னார். ஐயரின் சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்ததற்கு அந்தக் கேள்வியே வித்து என்று தெரிந்திருந்தும், ஐயரின் வாய்மொழியில் கேட்கும்போது அப்பாவின் முகத்தில் தெரிந்த மலர்ச்சியை நான் அண்மையில் கண்டதில்லை.

நான் எனக்காக எடுத்தது மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’, சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த இயற்கைக் கட்டுரைகள். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தவணைத் தாளில் ஊதா மை முத்திரைகளைப் பார்த்தேன். எனக்கு முன் ஒருவர் எடுத்தது 2014இல். அடுக்கில் முதுகு மட்டும் தெரிய நின்றிருந்த புத்தகத்தை மேசையில் முகம் காட்டி வைத்ததால்தான் அது என் கண்ணில் பட்டது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளுள், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. அதை எங்கள் ஊர் நூலகர் சுவரில் எழுதி வைக்கவில்லை. மேசையில் செய்து காட்டியிருக்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பரிந்துரைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு பிரதிதான். ஒரு முறை எடுத்தால் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஆறு வார விடுமுறைக்குள் ஒரு புத்தகம் மூன்று வீடுகளுக்கே போய்வர முடியும். கீழடியை மையமாகக் கொண்டு உதயசங்கர் எழுதி, 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற ‘ஆதனின் பொம்மை’க்குக் காத்திருப்போர் குறிப்பேட்டில் என் மகளின் பெயர் ஐந்தாவதாக இருக்கிறது, பள்ளி திறந்த பிறகுதான் அவளுக்குக் கிடைக்கும். பரிந்துரைக்கும் நூல்களுக்கு மட்டுமாவது கூடுதல் பிரதிகள் வாங்க வழி செய்ய வேண்டும். சொத்து வரியோடு நாம் செலுத்தும் நூலக வரி இதற்கெல்லாம் பயன்படுவதற்குத்தானே. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கென்று மேசையில் எதுவும் இல்லாததும் பெரிய குறை. சிறுவர் நூலுக்கும் பெரியவர்களின் நாவலுக்கும் இடைப்பட்ட அந்த வயதினர், மேசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, போட்டித் தேர்வு நூல்கள் இருக்கும் அறைக்குப் போய்விடுவதைக் கண்டேன். அறிவியல் நூல்கள் இரண்டே இரண்டு, இரண்டும் பழையவை.

வெள்ளிக்கிழமை விடுமுறை. உறுப்பினராவதற்கு முகவரிச் சான்றும் சிறு தொகையும் போதும். அட்டை அன்றே கிடைத்தது. காலை பத்து மணிக்குள் போனால் நூலகரிடம் நின்று பேச நேரம் இருக்கும். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு அவர்களே பதில் சொல்லட்டும்.