யெல்லோ ஜாக்கெட் கூட்டை அகற்றுவதாக 485 டாலர் வாங்கிக்கொண்டு, குளவிகளை வீட்டுக்குள் திருப்பிவிட்டார்கள்: நியூ ஜெர்சித் தமிழர்கள் கவனத்துக்கு

நியூ ஜெர்சியில் தனி வீட்டில் குடியிருக்கும் நம்மவர்கள் குளவிக் காலம் முடிவதற்குள் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக, ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பின்சுவருக்குள் யெல்லோ ஜாக்கெட் குளவிகள் கூடு கட்டியிருந்தன. ஒரு கைபேசிச் செயலியும் அது அனுப்பிய ஆளும் அதை அகற்றித் தருவதாகச் சொல்லி 485 டாலர் வாங்கினார்கள். கூட்டை அகற்றவில்லை. குளவிகள் வந்துபோகும் ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டுப் போனார்கள். வழி அடைபட்ட குளவிகள் சுவரை உள்ளிருந்து அரித்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா படுத்திருந்த அறைக்குள் நுழைந்து அவரைக் கொட்டின. யாரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், கூட்டைப் பாதுகாப்பாக அகற்றுவது எப்படி என்ற இரண்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில்தான் அது கண்ணில் பட்டது. ஏசி குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், வெளிச்சுவரை மூடியிருக்கும் வினைல் சைடிங்குக்கும் குழாய்க்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. ஒன்று உள்ளே போக, ஒன்று வெளியே பறக்க, வெயில் ஏற ஏற அங்கே நடமாட்டம் கூடிக்கொண்டே போனது. தேனீயைப் போல உடம்பில் ரோமம் இல்லை. கூரையோரம் சிறு கூடு கட்டும் காகிதக் குளவியைப் போலப் பறக்கும்போது கால்கள் தொங்கவும் இல்லை. வசந்த காலத்தில் ஒற்றை ராணி தொடங்கும் இந்தக் கூட்டில், கோடை முடியும்போது ஆயிரக்கணக்கான வேலைக்காரக் குளவிகள் சேர்ந்துவிடுகின்றன. தேனீயின் கொடுக்கு தோலில் சிக்கி அறுந்துவிடும். இவற்றின் கொடுக்கு பெரும்பாலும் அப்படிச் சிக்காததால் ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். ஒன்றை நசுக்கினால் அதிலிருந்து கிளம்பும் வாடையே மற்றவற்றைச் சண்டைக்கு இழுத்துவரும். அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது, மாலை வேளையில் அவர் பின்பக்கத்து மேடையில்தான் உட்காருவார். எனவே தொழில் தெரிந்த ஒருவரை அழைப்பது என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரியானதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அமர்த்தித் தரும் ஒரு கைபேசிச் செயலியில் தேடினேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் அதன் பெயரை எழுதவில்லை. குழாய் பழுது பார்ப்பதிலிருந்து புல் வெட்டுவது வரை எல்லாவற்றுக்கும் ஆள் தரும் வகைச் செயலி அது. பூச்சி ஒழிப்பு நிபுணர் என்று ஒருவருடைய படம் வந்தது. பக்கத்திலேயே பச்சை முத்திரை, பின்னணி சரிபார்க்கப்பட்டவர் என்ற வரி, ஏறக்குறைய ஐந்து நட்சத்திர மதிப்பு, 60 நாள் உத்தரவாதம் எல்லாம் இருந்தன. முன்பதிவுக்கு 85 டாலரைச் செயலி என் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டது. மீதி 400 டாலரை, வேலை முடிந்தவுடன் வேலையாளின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்ப வேண்டும் என்று அந்தச் செயலியே அறிவுறுத்தியது. ஆக மொத்தம் 485 டாலர்.

வந்தவர் பட்டப்பகலில் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, முழங்கை வரை கையுறை, பணிவான பேச்சு. சுவரில் காதை வைத்துக் கேட்டார், விரல் கணுவால் தட்டிப் பார்த்தார், பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கூடு இங்கிருந்து இதுவரை இருக்கிறது என்று சைடிங்கின் மேல் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினார். அந்தக் கோடுகளைப் பார்த்தவுடன் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் இருப்பதைக் கோடு போட்டுக் காட்டுகிறவர், இப்படி எத்தனையோ கூடுகளைப் பார்த்திருப்பார் என்றுதானே எவருக்கும் தோன்றும்? அப்பாவைக் காட்டி, இவர் தினமும் இங்கேதான் உட்காருவார் என்று சொன்னேன். "இன்றிரவு உங்கள் அப்பா நிம்மதியாகத் தூங்கலாம், அதற்கு நான் பொறுப்பு" என்று என் தோளில் கை வைத்துச் சொன்னார். எங்களை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னவர், கால் மணி நேரம்கூட ஆகாத நிலையில் வேலை முடிந்துவிட்டது என்று கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தபோது அந்த இடைவெளி முழுவதும் ஸ்ப்ரே ஃபோம் பொங்கி இறுகிக்கொண்டிருந்தது. ரசீது செயலியில் வரும் என்றார். 400 டாலர் வந்துசேர்ந்த செய்தி தன் கைபேசியில் தெரிந்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அன்றிரவு அப்பா என்னை எழுப்பினார். "ஏய்யா, சுவத்துக்குள்ள என்னமோ கரகரங்குது" என்றார். காதை வைத்துக் கேட்டபோது, யாரோ காகிதத்தை மெல்லக் கசக்கிக்கொண்டே இருப்பது போல ஓயாத சத்தம். அந்த ஆளைக் கூப்பிட்டேன். மருந்து வேலை செய்கிறது, அவை செத்துக்கொண்டிருக்கின்றன, இது சாதாரணம் என்றார். பிறகு கட்டில் தலைமாட்டுக்கு மேலே, டிரைவாலில், அதாவது உள்சுவர்ப் பலகையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. தொட்டால் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது, விரல் லேசாக அமுங்கியது. உள்ளே பலகை முழுவதும் அரிக்கப்பட்டு, பெயின்ட் படலம் மட்டுமே மிச்சமிருந்திருக்கிறது. விடியும் நேரத்தில் அதுவும் கிழிந்தது. அப்பாவைக் கழுத்திலும் முழங்கையிலும் கொட்டிவிட்டன. அவரை வெளியே இழுத்து, கதவைச் சாத்தி, கதவடியில் துண்டைத் திணித்துவிட்டு அவசர சிகிச்சை மையத்துக்கு ஓடினோம். வீக்கத்தோடும் வலியோடும் போயிற்று. தொண்டை வீங்கி மூச்சை அடைக்கும் ஒவ்வாமை அவருக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் கேவலம். செயலியின் உதவிப் பக்கத்தில் முதலில் பேசியது இயந்திரம். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. மனிதர் ஒருவர் கிடைத்தபோது புகைப்படம் கேட்டார், அனுப்பினேன். சிறப்புப் பிரிவிலிருந்து அழைப்பார்கள் என்றார், எவரும் அழைக்கவில்லை. மறுபடி கேட்டதற்கு வேறொருவர் வந்து, உத்தரவாதம் மருந்தடித்த இடத்துக்கு மட்டும்தான், குளவிகள் இப்போது படுக்கையறை வழியாக வருவதால் இது புதிய பிரச்சினை, புதிதாக முன்பதிவு செய்யுங்கள் என்று எழுதினார். அவர்கள் அடைத்ததால்தான் குளவிகள் படுக்கையறைக்கு வந்தன என்று படத்தோடு விளக்கிய பிறகு, வேலையாள் எங்கள் ஊழியர் அல்லர், நாங்கள் இணைத்துவைப்பவர்கள் மட்டுமே என்று கையை விரித்துவிட்டார்கள். பச்சை முத்திரை குத்தியவர்கள் யார் என்ற என் கேள்விக்குப் பதில் இல்லை. அந்த ஆளின் கைபேசி இப்போது அணைந்தே கிடக்கிறது. நான் எழுதிய விமர்சனம் அந்தப் பக்கத்தில் ஏறவே இல்லை. கார்டில் போன 85 டாலரை மட்டும் திருப்பித் தரும்படி வங்கி மூலம் முறையிட்டிருக்கிறேன். நேராக அனுப்பிய 400 டாலர் என் சம்மதத்தோடு போன பணம் என்பதால் திரும்ப எடுக்க முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. 485 டாலரும் போய், சுவர் வேலைக்கும் மருத்துவத்துக்கும் தனியாகச் செலவு.

குப்பை போடப் போனபோது எங்கள் தொட்டியிலேயே அவர் பயன்படுத்திய டப்பாவைக் கண்டேன். எந்த ஹார்ட்வேர் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் குளவி ஸ்ப்ரே அது. மரக்கிளையிலோ கூரையோரத்திலோ கண்ணுக்குத் தெரியும் கூட்டின் மேல் தூர நின்று அடிப்பதற்கானது; சுவருக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும் கூட்டை அது எட்டாது. இதற்குத்தான் 485 டாலர்.

பிறகு அக்கம்பக்கத்தில் விசாரித்து, மாநில லைசென்ஸ் உள்ள ஒருவரை அழைத்தோம். அவர் வந்தது அந்தி சாய்ந்த பிறகு, ஏனென்றால் இரை தேடப் போன குளவிகள் எல்லாம் அப்போதுதான் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். முதலில் அறைக்குள் கிழிந்த இடத்தைப் பலகை வைத்து மூடினார். வெளியே ஃபோமை வெட்டி எடுத்து, அந்த வாசலில் பொடி மருந்தைப் பீச்சினார், வாசலைத் திறந்தே விட்டார். குளவிகள் அந்தப் பொடியில் நடந்து, உடம்பில் ஒட்டிக்கொண்டதைக் கூட்டுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். அதற்கு வழி திறந்திருக்க வேண்டும் என்று விளக்கினார். போக்குவரத்து முற்றிலும் நின்ற பிறகுதான் இடைவெளியை அடைத்தார். அவர் வாங்கிய கூலி அந்த 485 டாலரில் பாதிகூட இல்லை.

விரிவாக எழுத நினைத்திருந்தேன், ஆனால் டிரைவால் மாற்றும் ஆள் வாசலில் நிற்பதால் அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். குளவி வந்துபோகும் ஓட்டையைக் கூடு உயிரோடு இருக்கும்போது யாரையும் அடைக்க விடாதீர்கள். நியூ ஜெர்சியில் கூலிக்குப் பூச்சிமருந்து அடிக்க மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் லைசென்ஸ் வேண்டும். செயலியின் முத்திரை லைசென்ஸ் ஆகாது, லைசென்ஸ் எண்ணைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே கதவைத் திறங்கள். என்ன மருந்து அடிக்கிறார் என்பதை எழுதி வாங்குங்கள். நேரடி வங்கிப் பரிமாற்றம் கேட்டால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கார்டில் மட்டும் கொடுங்கள். மண்ணுக்குள் கூடு இருந்தால் பெட்ரோல் ஊற்றாதீர்கள். தீப்பிடிக்கும், மண்ணும் கெடும். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் கூடு இருந்தால் தொடாமல் விடுங்கள், கடும் உறைபனி விழுந்தால் தானாகவே அழிந்துவிடும், அதே கூட்டுக்கு அடுத்த ஆண்டு அவை திரும்ப வருவதில்லை. கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறினாலோ, முகமும் தொண்டையும் வீங்கினாலோ உடனே 911-ஐ அழையுங்கள்.

மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவுக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் புகார் எழுதியிருக்கிறேன். இதே மாதிரியான செயலி வழியாக வந்த ஆளிடம் பூச்சி ஒழிப்புக்குப் பணம் இழந்தவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், என் புகாரோடு சேர்த்து அனுப்புகிறேன்.