ஆமைக்குஞ்சுக்கு ஈரம் அடியில் இருக்கணும்: லண்டனில் நான்கு வருட அனுபவம்

2022 பிப்ரவரியில் ஒரு நாள், வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து முடித்த எங்கள் ஆமைக்குஞ்சு முந்திரியைத் துண்டில் ஒற்றி எடுக்கும்போது விரலில் ஏதோ நெருடியது. ஐந்து மாதத்துக்கு முன் எங்களிடம் வந்தபோது கூழாங்கல் மாதிரி வழவழவென்றிருந்த முதுகு அது. இப்போது நடுவரிசைக் கட்டங்களில் மூன்று மட்டும் சின்னச் சின்னக் கூம்பாக எழும்பியிருந்தன. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேளா வேளைக்கு இலை, தினமும் குளியல், நல்ல விளக்கு என்று எல்லாம் சரியாகச் செய்வதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முந்திரி ஒரு ஹெர்மன் ஆமை. ஸ்பெயினிலிருந்து பால்கன் நாடுகள் வரை, தெற்கு ஐரோப்பாவின் புதர்க்காடுகளில் வாழும் நில ஆமை. முழுதாக வளர்ந்தாலும் பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. நீளம்தான். ஆனால் 50 வருடத்துக்கு மேல் வாழும். நாங்கள் இருப்பது தெற்கு லண்டனில். 2021 செப்டம்பரில், மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு, ஒரு வளர்ப்பாளரிடமிருந்து உரிய சான்றிதழோடு வாங்கினோம். அப்போது சில மாதக் குஞ்சு, தீப்பெட்டி அளவு, 28 கிராம். பெயர் வைத்தது மகள்.

கூடவே ஒரு மரத்தொட்டியும் வாங்கினோம். மேல்பக்கம் முழுக்கத் திறந்த, மேசை போன்ற தொட்டி. ஒரு ஓரத்தில் கூர்மையாக வெளிச்சம் பாய்ச்சும் ஒரு ஸ்பாட் பல்பு, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மரப்பட்டைத் துண்டுகள். "இது வறண்ட பிரதேசத்து ஆமை, ஈரம் பட்டால் சளி பிடிக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் கேள்வி கேட்கவில்லை.

தவறு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. அந்தப் பிரதேசம் வறண்டதுதான். ஆனால் குஞ்சு அந்த வறட்சியில் வாழ்வதில்லை. முட்டை பொரிவது ஆகஸ்ட், செப்டம்பரில், கோடை முடிந்து மழை தொடங்கும் சமயத்தில். பறவைக்கும் எலிக்கும் பயந்து குஞ்சு முதல் சில வருடங்களைப் பெரும்பாலும் புதருக்கடியில், இலைக்குப்பைக்குள், மண்ணில் பாதி புதைந்தபடியே கழிக்கிறது. மேலே காற்று எவ்வளவு காய்ந்திருந்தாலும் அந்த இலைக்குப்பைக்கடியில் ஈரம் நிற்கும். நாங்களோ அதற்குப் புதையவே இடமில்லாத இரண்டு விரற்கடைக் காய்ந்த பட்டையைக் கொடுத்திருந்தோம்.

இன்னொன்றும் எனக்கு அப்போது பிடிபடவில்லை. வருடம் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும் லண்டனில் வீட்டுக்குள் எப்படி ஈரப்பதம் குறையும்? கணக்கு எளிது. வெளியே 5 டிகிரி செல்சியஸ் குளிர், ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த காற்று தாங்கும் நீர் மிகக் குறைவு. அதே காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டரால் 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலிருக்கும் நீரின் அளவு மாறாது, தாங்கும் அளவு மட்டும் கூடிவிடும். ஈரப்பதம் சுமார் 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும். குளிர்காலத்தில் நம் உதடு வெடிப்பது இதனால்தான். அதற்கு மேல், சுடும் பல்புக்கு நேர்கீழே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன முதுகை நினைத்துப் பாருங்கள்.

தொட்டியோடு வந்த முள் வைத்த ஈரப்பதமானி எப்போதும் 55 என்று காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஒரு சின்ன மூடியில் உப்பை எடுத்துக் கூழ் பதத்துக்கு நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் வைத்து ஒரு இரவு விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். எங்களுடையது 94 காட்டியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நீண்ட ஒயரின் முனையில் உணரி உள்ள டிஜிட்டல் மானி இரண்டு வாங்கி, ஒன்றை ஆமை படுக்கும் உயரத்தில் வைத்தேன். 31. இந்தப் பொருளுக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். ஐந்து மாதம் நான் ஒரு பொய்யான எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

ஓடு இப்படிக் கூம்பு கூம்பாகப் புடைப்பதற்குப் புரதம் அதிகமானதுதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். வியன்னாவில் சுல்காட்டா என்னும் ஆப்பிரிக்க ஆமைக்குஞ்சுகள் 50ஐ வைத்து நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. உணவில் புரதத்தையும் சுற்றுப்புற ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில், புடைப்பைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஈரப்பதம்தான், புரதத்தின் பங்கு சிறிது என்று வந்தது. அது வேறு இனம்தான். ஆனாலும் 31 என்ற எண்ணைப் பார்த்த பிறகு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

உடனே தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தேன். காலையில் இரண்டு முறை, மாலையில் மூன்று முறை. தெளித்ததும் 70க்கு ஏறும், முக்கால் மணி நேரத்தில் பழையபடி 35. திறந்த தொட்டியில் பல்பின் சூடு ஈரத்தை அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒரு நாள் பிளாஸ்டிக் தாளால் தொட்டியைப் பாதி மூடினேன். அரை மணியில் கருகும் வாசம். விளக்குப் பக்கத்துத் தாள் சுருங்கி உருகத் தொடங்கியிருந்தது. அதை யாரும் செய்ய வேண்டாம்.

ஏப்ரலில் பொள்ளாச்சியிலிருந்து அம்மா வந்திருந்தார். ஆமை வாங்கியதைச் சொன்னபோதே, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு சொல்லுவாங்களே கண்ணு" என்று போனில் வருத்தப்பட்டவர். வந்த இரண்டாம் நாள் நான் தெளிப்பதையும், மகள் ஓடி ஓடி எண்ணைப் பார்ப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேலாப்புல தெளிச்சா என்ன கண்ணு ஆகும்? அடி ஈரம் நின்னாத்தானே வேர் நிக்கும். தென்னைக்கு யாராச்சும் மட்டை மேல தண்ணி ஊத்துவாங்களா?"

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு விஷயம் விளங்க அது போதும். எங்கள் ஊர் நார் மில்களுக்கு வெளியே மலை மலையாகக் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவு இங்கே செங்கல் மாதிரி அழுத்தி, தோட்டக் கடைகளில் விற்பனைக்கு இருக்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. அதில் நாலு கட்டி வாங்கி ஊறவைத்தோம். உரம் கலக்காத வெறும் தோட்டமண் 60 பங்கு, நார்க்கழிவு 40 பங்கு. உயரம் 15 செ.மீ., ஆமை முழுதாகப் புதையும் அளவுக்கு. மேலே காய்ந்த இலையும் கொஞ்சம் பாசியும்.

தண்ணீரைத் தெளிக்காமல், நான்கு மூலைகளில் மட்டும் மெல்ல ஊற்றினோம். அது அடிக்குப் போய்ப் பரவும். மேல் இரண்டு செ.மீ. காய்ந்தும், அதற்குக் கீழே நனைந்தும் இருக்க வேண்டும். மேல் மண்ணே சொதசொதவென்று இருந்தால் அடி ஓட்டில் பூஞ்சை பிடித்து அழுகும். பதம் பார்க்க, அடி மண்ணை ஒரு கை அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டு நீர் வரக்கூடாது. இப்போது வாரத்துக்கு ஒரு லிட்டர் போதும்.

அம்மா ஊருக்குப் போவதற்குமுன் செய்த இன்னொரு வேலை, பளபளப்புப் பூசாத ஒரு மண் பூத்தொட்டியை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, படுக்கவைத்துப் பாதி மண்ணில் புதைத்தது. பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான், சுவர் வழியாக ஈரம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். மறுநாள் காலை உணரியை உள்ளே விட்டுப் பார்த்தோம். 91. முந்திரி அன்றிலிருந்து அதற்குள்தான் தூங்குகிறது. "அம்மிச்சி ரூம்", அதாவது பாட்டி அறை, என்று மகள் பெயர் வைத்துவிட்டாள்.

தொட்டி திறந்திருந்ததால் மண் மட்டும் போதவில்லை, மூன்று நாளைக்கொரு முறை காய்ந்தது. ஜூனில் மூடிய பெட்டி வாங்கினோம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், பி.வி.சி. பலகை, முன்னால் தள்ளும் கண்ணாடிக் கதவு, இரு பக்கமும் சின்னக் காற்றுத் துளைகள். சுமார் 300 பவுண்ட். அதோடு ஸ்பாட் பல்பை எடுத்துவிட்டு, வெப்பத்தைப் பரவலாக விழச்செய்யும் பல்பு மாட்டினேன். முதுகில் ஒரே புள்ளியில் சூடு குவிந்தால் ஓடு அங்கே காய்கிறது. பல்புக்கடியில் 33 முதல் 35 டிகிரி, மறு மூலையில் 22, 23. யு.வி.பி. என்னும் புற ஊதாக் கதிருக்குத் தனியாக டி5 வகைக் குழல் விளக்கு, முதுகிலிருந்து 40 செ.மீ. உயரத்தில், பெட்டிக்கு உள்ளேயே. சாதாரணக் கண்ணாடி யு.வி.பி. கதிரைத் தடுத்துவிடும் என்பதால் ஜன்னலோர வெயில் அதற்கு ஈடாகாது. குழல் எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடும், வருடம் ஒருமுறை மாற்றுகிறேன்.

இந்தப் பெட்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை எடை. நனைந்த மண் மட்டும் 80 கிலோவுக்குக் குறையாது. சாதாரண அலமாரி தாங்கவில்லை, என் வீட்டுக்காரர் தனியாக ஒரு மர ஸ்டாண்ட் அடித்தார். முதல் இரண்டு வாரம் மண்ணின் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. ஐசோபாட் என்னும் சிறு உயிரிகளையும் ஸ்பிரிங்டெயில் என்னும் நுண்பூச்சிகளையும் வாங்கிவிட்டோம், அவை அதைத் தின்று தீர்த்தன, இன்றுவரை கழிவையும் சுத்தம் செய்கின்றன. சின்னக் கொசு மாதிரிப் பூச்சி இரண்டு மாதம் வீடு முழுக்கப் பறந்தது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்ததால் பின்சுவரில் கரும்பூஞ்சை வந்தது. ஐந்து செ.மீ. இடைவெளி விட்ட பிறகு நின்றது.

எல்லாவற்றையும்விட எங்களைப் பயமுறுத்தியது 2023 ஜனவரி. இரவுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி, பெட்டி 13 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. எத்தனை இரவு அப்படி இருந்தது என்று தெரியாது. ஒரு காலை முந்திரியின் மூக்கில் நீர்க்குமிழி. கண் பாதி மூடியிருந்தது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். இரண்டு வாரம் மருந்து, இரவும் பகலும் சூடு. பிழைத்துக்கொண்டது. "ஈரம் பட்டால் சளி" என்று முதலில் சொன்னார்களே, அது பாதி உண்மை. ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் ஆபத்து. குஞ்சுக்கு ஈரம் கொடுக்கிறவர்கள் இரவில் 18 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். குறைந்தால் போனில் மணி அடிக்கும் வெப்பமானி ஒன்று இப்போது உள்ளே இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூங்காவில் பறிக்கும் டான்டிலியன் கீரை, குளோவர் போன்ற களைகள், பழம் கிடையாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கொடுப்பார்களே, அதேதான். முதல் வருடம் தினமும் 20 நிமிடம் தாடை அளவுத் தண்ணீரில் குளியல். இப்போது வாரம் இரண்டு முறை.

பலன்? எழும்பிய மூன்று கூம்புகளும் அப்படியேதான் இருக்கின்றன. அவை இனி தட்டையாகாது, அதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளானது. ஆனால் ஓடு வளர்வது ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும்தான். 2022 கோடைக்குப் பிறகு வந்த வளையங்கள் அத்தனையும் தட்டையாக, வழவழப்பாக வந்திருக்கின்றன. விரலை ஓட்டினால் நடுவில் சின்ன மேடு, சுற்றிலும் சமதளம். அந்த எல்லைக்கோட்டை வைத்தே நாங்கள் மண் மாற்றிய மாதத்தைச் சொல்லிவிடலாம். 2023இல் அடையாளத்துக்கான மைக்ரோசிப் வைக்கும் அளவுக்கு அடி ஓடு வளர்ந்தது. 2025 செப்டம்பரில் எடை 410 கிராம்.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நட்சத்திர ஆமையைத் தேடிப் போக வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். 2019இல் அதன் சர்வதேச வணிகத்துக்கும் தடை வந்தது. கடத்துவதற்காகச் சாக்ஸுக்குள்ளும் பைக்குள்ளும் திணித்துப் பிடிபட்ட குஞ்சுகளின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு பிசைகிறது. சட்டப்படி பதிவு செய்த வெளிநாட்டு ஆமை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: வெளியே மழைக்காலம் என்றாலும், ஏசி ஓடும் அறையில் ஆமை இருந்தால் ஒரு முறை மானி வைத்துப் பாருங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை பகலில் முந்திரி தோட்டத்துக்குப் போய்விடும். புல், பனி, வெயில் எல்லாம் அங்கே தானாகவே கிடைக்கிறது. நரியும் மேக்பை பறவையும் உண்டு என்பதால் மேலே கம்பிவலை. வளர வளர அவ்வளவு ஈரம் தேவைப்படவில்லை, இப்போது 60 சதவீதம் இருந்தாலே நான் பதறுவதில்லை. அடுத்த வசந்தத்தில் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலுக்கு நிரந்தரமாக மாற்றுகிறோம். பெட்டியை மகளின் தோழி வீட்டுக்குப் பேசியாகிவிட்டது, அங்கே ஒரு குஞ்சு வருகிறது. மண்ணோடு, பூச்சிகளோடு, சோதித்த மானியோடு அப்படியே கொடுக்கிறோம். அம்மா புதைத்த மண் தொட்டியையும் கேட்டார்கள். அதை மட்டும் மகள் தர மாட்டேன் என்கிறாள். முந்திரி அதற்குள் இப்போது பாதிதான் நுழைகிறது, ஆனாலும் ராத்திரி தலையை அதற்குள் விட்டுக்கொண்டுதான் தூங்குகிறது.